ஐந்தாம் அத்தியாயம்: உன் தொழில் என்ன?

புதிதாக ஆட வருபவர் மேசையில் உட்கார்ந்ததும் அவர் முன்னால் ஒரு வெற்றுத் தாளும் பென்சிலும் இருக்கும். ஆட்டத்தை நடத்துபவர் ஏழெட்டுப் பெயர்களை வாசிப்பார். வந்தவர் விதிப்புத்தகத்தை இன்னும் திறக்கவில்லை. எந்தப் பாத்திரத்துக்கு எத்தனை உயிர்ப்புள்ளி, எப்போது எந்தப் பகடை என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. காதில் விழுந்த பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். அதற்குப் பிறகு பல மாதங்கள், வாரந்தோறும், அந்த ஆளாகவே பேசுவார், முடிவெடுப்பார், அடிவாங்குவார். அதனால்தான் பாத்திரத் தொழிலுக்குப் பெயர் வைப்பதை நான் அலங்கார வேலையாகப் பார்ப்பதில்லை. இந்த ஆள் மேசையில் என்ன செய்வார் என்பதை அந்த ஒரு சொல் சொல்லியாக வேண்டும்.

‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தை 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்டபோது அதில் மூன்றே தொழில்கள் இருந்தன: ஃபைட்டிங்மேன், மேஜிக்யூசர், கிளெரிக். முதல் இரண்டு பெயர்களிலும் கவிநயம் கிடையாது. சண்டை போடும் ஆள், மந்திரத்தைக் கையாளும் ஆள், அவ்வளவுதான். ஆனால் பெயரைக் கேட்டவுடன் வேலை புரிந்துவிடும். அடுத்த ஆண்டே ‘கிரேஹாக்’ துணைநூலில் தீஃப் வந்தது, பாலடின் வந்தது. 1978 கையேட்டில் ஃபைட்டிங்மேன் ஃபைட்டர் ஆகச் சுருங்கியது. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் தீஃப் என்ற பெயர் போய் ரோக் என்ற பெயர் நிலைத்தது. பெயர் வைக்கப்போகும் எவரும் இந்தக் கடைசி மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். திருடன் என்று பெயர் கொடுத்தால் ஆடுபவர் திருடத்தான் செய்வார்; பல மேசைகளில் கூட்டாளிகளின் பைதான் முதலில் காலியாகும். பெயரைத் தளர்த்தியதும் பூட்டுத் திறப்பவர், வேவு பார்ப்பவர், இனிக்கப் பேசி ஏமாற்றுபவர் என எல்லாருக்கும் உள்ளே இடம் கிடைத்தது.

அந்த 1974 பதிப்பில் ஒவ்வொரு படிநிலைக்கும் தனிப்பட்டம் வேறு இருந்தது. சண்டைக்காரர் முதற்படியில் வெட்டரன், நான்காவதில் ஹீரோ, எட்டாவதில் சூப்பர்ஹீரோ, ஒன்பதாவதில் லார்ட். 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் இவை கைவிடப்பட்டன. ஒரு தொழிலுக்கு ஒரு பெயர் போதும். பத்துப் பட்டம் கொடுத்தால் ஒன்றும் மனத்தில் தங்காது.

‘கிளாஸ்’ என்பதையே மேசையில் நாம் எல்லாரும் சொல்கிறோம், சொல்லிக்கொண்டே இருக்கலாம். தாளில் எழுதும்போது இந்நூல் ‘தொழில்’ என்கிறது. வகுப்பு என்றால் பள்ளிக்கூடம் நினைவுக்கு வரும், வர்க்கம் என்றால் அரசியல் மேடை. ‘உன் தொழில் என்ன?’ என்று கேட்டால் புதியவர் தயங்காமல் பதில் சொல்கிறார்.

பிறப்பை விட்டுவிடுங்கள்

இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இந்தப் பகுதியைப் படியுங்கள்.

ஆங்கிலத்தில் விதி எழுதுபவர்களுக்குப் பிறப்பும் தொழிலும் இரண்டு தனிக் கட்டங்கள். எல்ஃப், குள்ளர் என்பதெல்லாம் ஒரு கட்டத்தில் வரும். ஃபைட்டர், விஸர்ட் இன்னொன்றில். முதல் கட்டத்தின் தலைப்பையே அவர்கள் மாற்றிவிட்டார்கள்: பாத்ஃபைண்டர் ஆட்டம் தன் இரண்டாம் பதிப்பில், 2019இல், ‘ரேஸ்’ என்ற சொல்லை விலக்கியது, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 2022 டிசம்பரில் அதையே அறிவித்தது. தமிழில் எழுதும் நமக்குச் சிக்கல் இரண்டாவது கட்டத்திலேயே தொடங்குகிறது. நம் மொழியில் செயலைக் குறித்த பெயர்களில் பல, காலப்போக்கில் பிறப்பைக் குறிக்கும் பெயர்களாக இறுகிவிட்டன.

பழம்பாடல்களில் மறவர் என்றால் வீரர். வேட்டுவர் என்றால் வேட்டையாடுபவர். இன்று இவை சமூகங்களின் பெயர்கள். கள்ளர் என்பதும் அப்படியே. திருடும் தொழிலுக்கு ‘கள்ளர்’ என்று பெயர் வைத்த பட்டியலை நானே ஒரு மேசையில் பார்த்திருக்கிறேன்; வைத்தவர் சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்த பையன், அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் இருப்பதே அவனுக்குத் தெரியாது. ஆனால் தெம்பனிஸில் ஒரு மேசையைச் சுற்றி உட்காருபவர்களை எண்ணிப் பாருங்கள். மூன்று தலைமுறையாகச் சிங்கப்பூரில் இருக்கும் குடும்பத்துப் பிள்ளை ஒருவர், தஞ்சாவூரிலிருந்தோ சிவகங்கையிலிருந்தோ வேலைக்கு வந்தவர் ஒருவர், யாழ்ப்பாணத்தில் பாட்டி வீடு உள்ளவர் ஒருவர். ஒருவருக்கு வெறும் சொல்லாக இருப்பது இன்னொருவருக்குத் தன் ஊரில் தன்னைக் கூப்பிட்ட பெயர். அதைக் கேட்டு அவர் மனம் சுருங்கினாலும் கேடு, மார்தட்டினாலும் கேடு. இரண்டுமே ஆட்டத்தை விட்டு வெளியே இழுத்துப் போய்விடும்.

யாழ்ப்பாணத்தைச் சொன்னதால் இன்னொன்று. ‘போராளி’ நல்ல சொல், ஓசையும் நன்று. ஆனால் இலங்கைப் போரில் உறவினரை இழந்த ஒருவர் மேசையில் இருந்தால் அது பொழுதுபோக்குக்கு எடுத்தாளக்கூடிய சொல்லாக இருக்காது. அவரிடம் கேட்காமல் அந்தப் பெயரை அச்சிட வேண்டாம்.

பிறப்பைத் தள்ளிய பிறகு என்ன மிஞ்சும்? செயல், கருவி, சபதம். இந்த மூன்றில் ஒன்றிலிருந்து பெயர் பிறந்தால் அது யாரையும் சுடாது. ஆடுபவருக்கு வேலையையும் சொல்லிவிடும். வேவு பார்ப்பவருக்கு ஒற்றர் என்ற பெயர் தயாராக இருக்கிறது. திருக்குறளில் ஒரு முழு அதிகாரமே அவர் வேலையைப் பற்றியது; அரசர், ஒற்றர், ஒற்றரை வேவு பார்க்கும் இன்னோர் ஒற்றர் என்று ஆட்டத்துக்கான கட்டமைப்பே அதில் கிடைக்கும். திருட்டுக் கைகாரருக்கு ‘கள்வர்’ என்ற வடிவத்தைப் பயன்படுத்துங்கள். சிலப்பதிகாரத்தில் பொற்கொல்லன் கள்வரின் துணைகள் எட்டு என்று கணக்குச் சொல்கிறான்: தக்க இடம், தக்க காலம், கருவி, மருந்து, சகுனம், மந்திரம், தந்திரம், தெய்வம். எட்டுத் திறன்களும் ஒரே இடத்தில் அடுக்கிக் கிடக்கின்றன. ஒவ்வொரு படிநிலைக்கும் ஒன்றாகக் கொடுத்தால் வேறு எங்கும் தேட வேண்டியதில்லை.

ஈறுகள்

தமிழில் பெயரின் கடைசி எழுத்தே பாத்திரம் ஆணா பெண்ணா என்று சொல்லிவிடுகிறது. வீரன் என்று அச்சிட்டால் பெண் ஆட்டக்காரர் ஒவ்வொரு முறையும் மனத்துக்குள் அடித்துத் திருத்த வேண்டியிருக்கும். ‘வீரன் அல்லது வீராங்கனை’ என்று இரண்டையும் போட்டால் தாளில் இடம் போதாது. -காரன், -காரி இணை இன்னும் மோசம்: வித்தைக்காரன் திறமைசாலி, சூனியக்காரி வசவு.

பலர்பால் ஈறான -அர் முதல் வழி. ஒற்றர், கள்வர், சித்தர் என்றால் ஒருவரையும் குறிக்கும், மரியாதையும் இருக்கும். ஆனால் அதைவிட எனக்குப் பிடித்தவை -ஆளி, -வி போன்ற ஈறுகள். வில்லாளி, மாயாவி. இவற்றில் பால் இல்லை; வந்தான், வந்தாள், வந்தார், எது வேண்டுமானாலும் பின்னால் பொருந்தும். -தாரியைக் கவனமாகக் கையாளுங்கள். செய்தித்தாள் ஆயுததாரி என்று எழுதி எழுதி அந்த ஈற்றிலேயே துப்பாக்கி வாடை ஏறிவிட்டது. -வாதியிலும் மந்திரவாதி ஒன்றுதான் தப்பியிருக்கிறது.

வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்

பெயர் தாளில் அழகாக இருந்தால் போதாது. இரவு ஒன்பது மணிக்கு, புளோக்கின் கீழ்த்தளத்துக் கல்மேசையில், பக்கத்தில் யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும் சத்தத்துக்கு நடுவில், நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசும்போது அது சரியாகக் காதில் விழ வேண்டும். இந்தச் சோதனையில் அருமையான பெயர்கள் தோற்றுப்போகும். ஒரு தோல்வியை முழுதாகப் பார்ப்போம்.

பாலடினுக்குத் தமிழில் என்ன பெயர்? தன்னை ஒரு சபதத்தால் கட்டிக்கொண்ட வீரர், சபதம் முறிந்தால் ஆற்றலும் போய்விடும். நம் வரலாற்றில் அச்சு அசலாக அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். சோழர் படையில் வேளைக்காரர் என்ற பிரிவினர், அரசனுக்காக உயிர் கொடுப்பதாக உறுதி செய்தவர்கள். பொலன்னறுவையில் இருக்கும் தமிழ்க் கல்வெட்டு ஒன்றில், புத்தரின் புனிதப் பல் வைக்கப்பட்ட கோயிலைக் காப்பதாக வேளைக்காரப் படையினர் பொறுப்பேற்றிருக்கிறார்கள். சபதம், காவல், புனிதப்பொருள் என மூன்றும் ஒரே கல்லில்! வரலாறு படித்தவர் எவரும் இந்தப் பெயரைத்தான் முதலில் எடுப்பார். மேசையில் நடப்பது இது:

“நான் வேளைக்காரர் எடுத்துக்கறேன்.”

“வேலைக்காரரா? யார் வீட்டுல அண்ணே?”

“வேளை. ளை. சோழர் படை.”

“சரி சரி. வேலைக்காரர் முன்னால போய் கதவத் திறங்க.”

கேட்டவர் கிண்டல் செய்யவில்லை. அவர் காதில் அப்படித்தான் விழுந்தது; பேச்சில் ளகரமும் லகரமும் கலந்துபோன நாக்குகள் நம்மில் பாதி. அந்தப் பாத்திரம் அதற்குப் பிறகு எல்லாக் கதவையும் திறக்கும் ஆளாக ஆகிவிடும். பெயர் ஒரு வேலையைக் கொடுத்தது, ஆனால் தப்பான வேலை.

மாற்றுப் பெயரும் அதே காலத்திலிருந்து வருகிறது. பாண்டியரின் மெய்க்காப்பாளர்கள் ஆபத்துதவிகள் எனப்பட்டார்கள். தப்பாகக் கேட்க வழியில்லாத ஓசை. ஈற்றில் பால் கிடையாது. என்ன செய்வார் என்பது பெயருக்குள்ளேயே இருக்கிறது. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வந்த ‘பொன்னியின் செல்வன்’ தொடராலும், 2022, 2023இல் வந்த படங்களாலும் தமிழ் அதிகம் படிக்காத பிள்ளைகளுக்குக்கூட இது பழகிய சொல். கதையில் அந்த ஆபத்துதவிகள் யார் என்பதையும் நினைத்துப் பாருங்கள். காக்க வேண்டிய அரசன் கொல்லப்பட்ட பிறகு, பழிவாங்குவதே சபதமாக மாறிய ரவிதாஸன் கூட்டம். ஒரு தொழிலுக்கு இரண்டு கிளைகளைக் கதையே கொடுத்துவிட்டது.

அட்டையில் நான் இப்படி எழுதுவேன். மேலே பெயர்: ஆபத்துதவி. அடுத்த வரி: ஒருவரைக் காப்பதாக உறுதி எடுத்தவர். அதன் கீழே ஒரு கோடு. ஆட்டம் தொடங்குமுன் காக்கப்படுபவரின் பெயரை ஆடுபவர் தன் கையால் அங்கே எழுத வேண்டும். அவருக்கு விழவேண்டிய அடியைச் சுற்றுக்கு ஒருமுறை தான் வாங்கிக்கொள்ளலாம். அவர் இறந்தால் அட்டையைத் திருப்ப வேண்டும். பின்பக்கத்தில் கொன்றவரின் பெயருக்கு ஒரு கோடு இருக்கும். பெயர் சரியாக அமைந்துவிட்டால் விதிகள் இப்படித் தாமாக வந்து சேரும். விதியை எழுதிவிட்டுப் பெயரைத் தேடுவதைவிட இந்த வழி எளிது.

மந்திரம் மூன்று வகை

விஸர்ட், சோர்சரர், வார்லாக். ஆங்கிலப் பேச்சில் இவை கிட்டத்தட்ட ஒரே பொருள் தரும் சொற்கள். ஆட்டத்தில்தான் படித்தவர், பிறவியிலேயே பெற்றவர், ஒப்பந்தம் போட்டவர் என்று பிரித்தார்கள். ஒவ்வொரு புதியவருக்கும் அதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. மூன்றுக்கும் ‘மந்திரவாதி’ என்று எழுதிவிட்டால் நாமும் அதே சிக்கலில் மாட்டுவோம்.

ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்பதைப் பெயரிலேயே வையுங்கள். ஏட்டைப் படித்துக் கற்றவர் சுவடியர். தன் இயல்பாலேயே உருமாறவும் மறையவும் தெரிந்தவர் மாயாவி. 1947 முதல் அம்புலிமாமாவும், 1972இல் முதல் இதழிலேயே இரும்புக்கை மாயாவியைக் கொண்டுவந்த முத்து காமிக்ஸும் வளர்த்த தலைமுறைகளுக்கு இந்தச் சொல்லுக்கு விளக்கம் வேண்டாம். வேறொரு சக்தியை வழிபட்டு, அதற்குக் கடமைப்பட்டு, பதிலுக்கு அதை ஏவல் கொள்பவர் உபாசகர். ஒப்பந்தத்தின் விலை, மீறினால் வரும் தண்டனை, நாள்தோறும் செய்ய வேண்டிய கடன், இவை எல்லாம் ‘உபாசனை’ என்ற ஒரு சொல்லுக்குள் நமக்கு முன்பே தெரியும்.

உபாசகரைத் தொட்டதும் வாழும் வழிபாட்டைத் தொடுகிறோம். சௌத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலில் ஆண்டுதோறும் தீமிதி நடக்கிறது. தைப்பூசத்தன்று சிராங்கூன் ரோட்டிலிருந்து டேங்க் ரோடு வரை காவடி போகிறது. உங்கள் மேசையில் இருப்பவரே போன தைப்பூசத்துக்கு அலகு குத்தியிருக்கலாம். ஆவேசம் வந்து சண்டையிடும் பார்பேரியனுக்கு ‘காட்டுமிராண்டி’ என்று பெயர் வைத்தால் யாரும் எடுக்க மாட்டார்கள். தமிழகத்துக் கோயில்களில் அருள் வந்து ஆடுபவரைக் குறிக்கும் ‘மருளாளி’ என்ற பெயர் கச்சிதமாகப் பொருந்தும். அதை வைக்கலாமா? வைக்கலாம் என்பதே என் முடிவு, ஓர் எல்லையோடு. தொழிலின் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள், சாமியின் பெயரை எடுக்காதீர்கள். மருளாளிக்கு அருள் கொடுக்கும் தெய்வம் உங்கள் கற்பனை உலகத்துத் தெய்வமாக இருக்கட்டும். காளி, முனீஸ்வரன், முருகன் இவர்களுக்குத் தாக்குதல் புள்ளி போடுவது வேறு காரியம். அதை இந்நூல் பரிந்துரைக்காது. மலாய் நண்பர் மேசையில் இருந்தால் ‘பொமோ’ என்ற பெயருக்கும் இதே கவனம் வேண்டும். அந்தப் பெயருடைய வைத்தியர்கள் இன்றும் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றி நண்பரின் வீட்டில் என்ன நினைக்கிறார்கள் என்பதை அவர்தான் அறிவார்.

பாடுபவரும் போரிடுபவரும்

பார்ட் என்ற தொழிலைத் தமிழில் பேசத் தொடங்கினால் எல்லாரும் பாணர் என்பார்கள். பாணன் என்பதும் இன்று ஒரு சமூகத்தின் பெயர்தான். அதைவிட நுட்பமான ஒன்று பத்துப்பாட்டிலேயே இருக்கிறது: பொருநர். ஏர்க்களம் பாடும் கலைஞர், போர்க்களம் பாடும் கலைஞர் என்று உரையாசிரியர்கள் இவர்களை வகைப்படுத்துவார்கள். பொருநன் என்றால் போரிடும் வீரன் என்றும் பொருள் உண்டு. பாடிக்கொண்டே சண்டையில் இறங்கும் ஆட்டப் பாத்திரத்துக்கு இதைவிடப் பொருத்தமாக ஒரு பெயரை யாராலும் கட்டிக்கொடுக்க முடியாது.

திறனும் கூடவே வருகிறது. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகள். கலைஞரை ஆற்றுப்படுத்தும் நான்கில், பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞர் வறுமையில் வாடும் இன்னொருவரைப் பார்த்து, எந்த வழியாகப் போ, வழியில் எந்த ஊரில் என்ன உண்ணலாம், எந்த வள்ளலைப் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்புவார். ஆட்டத்தை நடத்துபவர்கள் வழக்கமாக மதுக்கடை ஓரத்தில் முக்காடு போட்ட கிழவர் ஒருவரை உட்கார வைத்துச் செய்யும் வேலை இதுதான். அந்தக் கிழவரை அனுப்பிவிடுங்கள். புதிய ஊர் எல்லையில் நுழையும்போது ஒருமுறை, ‘இங்கே கொடுப்பவர் யார், அவரிடம் போகும் வழி எது?’ என்று பொருநர் கேட்கலாம். நடத்துபவர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். இந்தத் திறனுக்குப் பெயர் ஆற்றுப்படை.

சண்டைக்காரருக்குக் கிளைகள் வேண்டும் என்றால் பூக்களிடம் போங்கள். புறத்திணைகளைத் தொல்காப்பியம் ஏழாகவும் புறப்பொருள் வெண்பாமாலை பன்னிரண்டு படலங்களாகவும் வகுக்கின்றன. இவற்றில் பலவற்றுக்கு ஒரு பூவும் ஒரு செயலும் உண்டு. பகைவரின் மாட்டு மந்தையைக் கவர்வது வெட்சி, மீட்பது கரந்தை, மதிலை வளைப்பது உழிஞை, மதிலைக் காப்பது நொச்சி, நேருக்கு நேர் நின்று பொருவது தும்பை. ‘நான் நொச்சி’ என்று ஒருவர் சொன்னால் அவர் வாசலை விட்டு நகரமாட்டார் என்று மேசைக்கே தெரியும். தாளின் ஓரத்தில் அந்தப் பூவை வரைந்துவிட்டால் தமிழ் வாசிக்கத் தெரியாத கூட்டாளிக்கும் புரியும். உழிஞை மட்டும் பலர் நாக்கில் தடுக்கும். அந்தக் கிளையை வைத்துக்கொள்வதா விடுவதா என்பதை உங்கள் மேசையின் நாக்குகளைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

தெமாசெக்கில் ஒரு பட்டியல்

கற்பனை உலகம் ஐரோப்பியக் கோட்டையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மலேசியாவின் ஸெடெக் சியூ எழுதி முன் காவ் வரைந்த ‘எ தௌசண்ட் தௌசண்ட் ஐலண்ட்ஸ்’ சிற்றிதழ்கள் இந்த வட்டாரத்தின் ஆறுகளையும் தீவுகளையும் வைத்தே உலகம் கட்டலாம் என்று காட்டிவிட்டன. சிங்கப்பூரின் பழம்பெயரான தெமாசெக், தெம்பனிஸில் பலதுறைத் தொழிற்கல்லூரியின் வாசலிலேயே இருக்கிறது. சீன வணிகர் வாங் தாயுவான் 1349இல் எழுதிய குறிப்பில் இந்தத் தீவு வருகிறது. ஃபோர்ட் கேனிங் குன்றில் 1928இல் பொன் அணிகள் கிடைத்தன. அந்தக் காலத்துத் தீவை ஆடுகளமாக வைத்துக்கொண்டு பெயர் தேடினால் என்ன கிடைக்கும்?

முதலில், தமிழ்ப் பெயர்கள் இந்தக் கடலுக்கு அந்நியம் இல்லை. சுமத்ராவின் பாருஸில் ஐந்நூற்றுவர் வணிகக் குழு 1088இல் தமிழ்க் கல்வெட்டு நாட்டியிருக்கிறது. அந்தக் குழுக்களுக்குச் சொந்தக் காவற்படை இருந்தது. எறிவீரர், முனைவீரர் என்ற பெயர்கள் கல்வெட்டுகளில் கிடைக்கின்றன. அரசனுக்கு இல்லாமல் சரக்குக்கும் வணிகருக்கும் காவல் நிற்பவர் எறிவீரர். ஆட்டத்தில் சண்டைக்காரர் பெரும்பாலும் செய்வதும் கூலிக்குக் காவல்தான். எனவே தெமாசெக் பட்டியலில் முதல் பெயர் எறிவீரர்.

இரண்டாவது பெயரை ‘செஜாரா மெலாயு’ என்ற மலாய் வரலாற்று நூலிலிருந்து எடுப்போம். படாங் என்ற அடிமை ஆற்றில் மீன்பொறி வைக்கிறான். தினமும் யாரோ மீனைத் தின்றுவிட்டு முள்ளை மட்டும் விட்டுப்போகிறார்கள். ஒளிந்திருந்து பார்த்தால் பேய். அதன் தாடியைப் பிடித்துக்கொள்கிறான். உயிருக்குப் பயந்த பேய் வரம் தருகிறது, பலம் கேட்கிறான், பேய் கக்கியதை அவன் விழுங்க வேண்டும். விழுங்குகிறான். பிறகு சிங்கப்பூர் அரசவையில், கலிங்க நாட்டிலிருந்து வந்த பலசாலியோடு போட்டியிட்டுப் பாறையைத் தூக்கி ஆற்றின் முகத்துவாரத்தில் எறிகிறான். 1843இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்ட சிங்கப்பூர்க் கல்லை மக்கள் இந்தப் பாறையோடு சேர்த்துச் சொல்வதுண்டு. அதன் துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது.

இந்த ஆளின் தொழிலுக்கு என்ன பெயர்? ‘படாங்’ என்றே வைக்கக்கூடாது. அது ஒருவருடைய பெயர். பத்துப் பேர் எடுக்கக்கூடிய தொழிலாக அது விரியாது. மல்லர் என்றால் காதில் மள்ளர் என்றும் விழும், அது ஒரு சமூகத்தின் பெயர், ஆக அதுவும் போயிற்று. பேயாண்டி என்றால் சிவனின் நினைவு வரும். அவன் கையில் இருந்த கருவியைப் பாருங்கள். மீன்பொறிக்குத் தமிழில் பறி என்று பெயர். ஆக, பறியாளி. இரவில் பொறி வைத்து ஆவிகளைப் பிடிப்பவர். பிடித்ததிலிருந்து ஆற்றலைப் பறிப்பவர். பெயர் வந்ததும் விதியும் வருகிறது: ஒவ்வோர் இரவும் பொறி எங்கே என்று ஆடுபவர் சொல்ல வேண்டும், உள்ளே விழுந்தது என்ன என்பதைப் பகடை சொல்லும், வரத்துக்கு முன்னால் அருவருப்பான ஒரு விலையை விழுங்கியாக வேண்டும். இந்தத் தொழிலை நான் மிகவும் நேசிக்கிறேன். வேறெந்த ஊரின் கதையிலிருந்தும் இது வந்திருக்காது.

மலாய்ச் சொற்களில் சிலாட் ஆசானைக் குறிக்கும் பெண்டேகார் அப்படியே தொழிலாகப் பொருந்தும். லக்சமணா, பெண்டஹாரா, ஷாபந்தர் ஆகியவை பொருந்தா. கடற்படைத் தலைவர், முதலமைச்சர், துறைமுக அதிகாரி என இவை பதவிகள். நாட்டுக்கு ஒரு சிலரே இருப்பார்கள். பதவியை ஆட்டத்தின் பாதியில் ஒருவர் வென்றெடுக்கட்டும்.

எங்கே தேடுவது, எப்படி உறுதி செய்வது

நிகண்டுகளில் ‘மக்கட்பெயர்த் தொகுதி’ என்ற பகுதியைத் திறங்கள். திவாகரம், சூடாமணி இரண்டிலும் உண்டு. மனிதர்கள் செய்யும் வேலைகளுக்கான பெயர்கள் அங்கே கொட்டிக் கிடக்கின்றன. பிடித்ததை எடுத்துக்கொண்டு 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனில் பாருங்கள். சாதிப் பொருள் ஏதும் கொடுத்திருந்தால் விட்டுவிடுங்கள். பிறகு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி: அதில் இருந்தால் சொல் இன்று உயிரோடு இருக்கிறது, இப்போது என்ன பொருளில் என்பதும் தெரியும். அச்சுப்பிரதிகளுக்கு விக்டோரியா ஸ்திரீட்டில் இருக்கும் லீ கோங் சியான் மேற்கோள் நூலகத்தின் தமிழ்ப் பகுதிக்குப் போகலாம். லெக்சிகன் இணையத்திலும் கிடைக்கிறது.

பட்டியல் தயாரானதும் ஆட்டமே தெரியாத ஒருவரிடம், அம்மாவோ தாத்தாவோ யாராக இருந்தாலும் சரி, ஒவ்வொரு பெயராகச் சொல்லி ‘இவர் என்ன வேலை செய்வார்?’ என்று கேளுங்கள். தமிழ் பேசாத நண்பர் ஒருவரைச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். நம் மேசைகளில் விளக்கம் பாதி இங்கிலீஷில்தான் ஓடும், பெயர் மட்டும் தமிழில் நிற்கும், ஆக அவர் வாயிலும் அது நிற்க வேண்டும். அவர் அதைச் சுருக்குவார். ஆபத்துதவி ‘ஆபத்’ ஆகும், எறிவீரர் ‘எறி’ ஆகும். தடுக்க வேண்டாம். இரண்டு சுருக்கங்கள் ஒன்றுபோல ஒலிக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள்; ஒலித்தால் ஒன்றின் முழுப்பெயரையே மாற்றிவிடுங்கள்.

முதல் அச்சை மலிவான தாளில் எடுங்கள். சில அமர்வுகள் ஆடிய பிறகு ஒவ்வோர் அட்டையிலும் மேசை உண்மையில் கூப்பிடும் சுருக்கத்தைப் பெயருக்குக் கீழே சேர்த்து, கெட்டி அட்டையில் மறுபடி அச்சிடலாம். அட்டையின் கீழ்ப்பாதியை இப்போதைக்கு வெறுமையாக விடுங்கள். உயிர்ப்புள்ளி, பகடை, ஆயுதம் ஆகியவற்றை அங்கே எப்படி நிரப்புவது என்பதை அடுத்த அத்தியாயத்தில், ஆபத்துதவியையும் பறியாளியையும் வைத்தே கணக்கிட்டுப் பார்ப்போம்.